சாலையும் வழியும்: பெருந்தமனி அறுவையின் அணுகுவழிகளும் அவற்றின் தமிழ்ச் சொற்களும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் பழங்கடைத்தெரு ‘சாலை’ என வழங்கப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசு காலத்தில் அங்காடியாக வளர்ந்த இத்தெருவில், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவருகின்றனர். மலையாளத்தில் கடைத்தெருவின் பெயர் சகரத்தாலும், அதனையடுத்த வலியசாலையின் பெயர் வடமொழிக்குரிய சகரத்தாலும் எழுதப்படுகின்றன. தமிழெழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டாது. தமிழிலோ சாலை என்பது நெடுவழியையும் குறிக்கும். பாடசாலை, அறச்சாலை என்பனபோல் ஒரு பணிக்கென அமைந்த இடத்தையும் குறிக்கும். பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலத்துப் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றை ‘ஆதுலர் சாலை’ என்றே கூறுகிறது. அங்கு மருத்துவர் ஒருவரோடு ‘சல்லியக்கிரியை’ செய்வார் ஒருவரும் இருந்தார். அறுவை மருத்துவருக்குத் தமிழ் மண்ணில் கிடைக்கும் பழைய பதிவுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

வலியசாலைப் பகுதியைக் காந்தளூர்ச் சாலையோடு இணைத்துக் காண்பார் உளர். முதலாம் இராசராசன் அங்குச் செய்ததாகக் கூறப்படும் ‘கலமறுத்தல்’ யாது என்பது வரலாற்றறிஞரிடையே நெடுங்காலம் வழக்காய் நின்ற ஒன்று. கலம் என்பது மரக்கலமா, உண்கலமா? அறுத்தல் என்பது அழித்தலா, வரையறுத்தலா? கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சிக்கலைத் தனியே ஆராய்ந்து எழுதினார். ஆங்கிலத்தில் கப்பல், பாண்டம், குருதிக்குழாய் ஆகிய மூன்றையும் ஒரே சொல் சுட்டுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் குருதிக்குழாயைக் ‘குருதிக்கலன்’ என்கின்றன. கலமும் அறுத்தலும் மருத்துவத்தில் மீண்டும் இணைவது தற்செயலே. எனினும் ஒரு சொல்லின் பொருளை இடமும் துறையும் எவ்வளவு மாற்றிவிடும் என்பதற்கு இத்தற்செயல் நல்ல முகப்பாக அமைகிறது.

இதே நகரில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் 1976-இல் தொடங்கப்பெற்று, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழித் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இதயத்திலும் பெருங்குருதிக்குழாய்களிலும் அறுவை நிகழும் நகராகத் திருவனந்தபுரம் வளர்ந்ததில் இந்நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும், நாகர்கோவில் பக்கத்து நோயாளிக்குத் திருவனந்தபுரமே அண்மையிலுள்ள பெருநகர். ஆகவே தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழ், மலையாளப் பள்ளியில் பயின்ற சாலைத் தமிழரின் பேச்சு, மலையாள மருத்துவ வழக்கு ஆகிய மூன்றும் ஒரு படுக்கையைச் சுற்றி நின்று ஒரே குழாயைப் பற்றிப் பேசும் நிலை அங்கு ஏற்படுகிறது. அக்குழாய் பெருந்தமனி. அதனிடம் கத்தி எவ்வழியாகச் சென்றது என்ற வரலாற்றையும், அவ்வழிகளைத் தமிழில் சொல்வதில் எழும் இடர்ப்பாடுகளையும் ஒருங்கே காண்பது மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்தரும்.

குழாயின் பெயர்கள்

இதயத்தின் இடக்கீழறையிலிருந்து புறப்பட்டு மேலேறி, வளைந்து, முதுகெலும்பின் இடப்பக்கமாக இறங்கி, உதரவிதானத்தைக் கடந்து, ஏறத்தாழக் கொப்பூழ் மட்டத்தில் இரண்டாகப் பிரியும் குழாய்க்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தரும் பெயர் பெருந்தமனி. மலையாளத்திலும் இந்தியிலும் அது மகாதமனி. இலங்கையில் அது தொகுதிப்பெருநாடி. அடிச்சொற்களை நோக்கின் வேறுபாடு மேலும் ஆழமாகிறது. தமிழ்நாட்டில் தமனி, சிரை என்னும் இணை இலங்கையில் நாடி, நாளம் என்றாகிறது. தமிழ்நாட்டில் நாளம் என்பது சுரப்பி நீர் செல்லும் குழல். நாளமில்லாச் சுரப்பி என்னும் தொடரை ஒவ்வொரு பள்ளி மாணவரும் அறிவர். மலையாளத்தில் மூச்சுக்குழல் சுவாசநாளம், உணவுக்குழல் அன்னநாளம். நாடி என்பது தமிழ்நாட்டில் கைபிடித்துப் பார்க்கும் துடிப்பு. தென்மாவட்டங்களில் முகவாய்க்கட்டையும் நாடியே. மலையாளத்தில் நாடி என்றால் உணர்வு கடத்தும் நரம்பு. அங்கு நாடீவியூகம் என்பது நரம்பு மண்டலம். யாழ்ப்பாணத்தில் அச்சாகும் ஒரு மருத்துவக் குறிப்பை மலையாளப் பள்ளியில் பயின்ற தமிழர் படித்தால், ‘பெருநாடி’ என்னும் சொல் அவரைக் குருதிக்குழாயிடம் கொண்டு செல்லாமல் முதுகுத் தண்டிடம் கொண்டு செல்லக்கூடும்.

நரம்பு என்னும் சொல்லும் இடர் தருவதே. பழந்தமிழில் அது யாழின் தந்தி. உடலில் தசையைப் பிணிக்கும் நாண். இன்றைய கலைச்சொல்லாட்சியில் அது உணர்வு கடத்துவது. ஆயினும் கையில் புடைத்துத் தெரியும் நீலக்குழாயை நரம்பு என்றே மக்கள் சொல்வர். ஊசி போடுபவர் நரம்பைத் தேடுகிறார் என்பது இரு மொழிக்கும் பொதுவான பேச்சு. மலையாளத்து ஞரம்பும் இவ்விரு பொருளையும் சுமக்கிறது.

தமனி என்பது ஊதுதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து பிறந்தது. குழல், நாணல் என்பனவும் அதன் பொருள்கள். மேலைநாட்டில் இதற்குரிய கிரேக்கச் சொல்லும் முதலில் மூச்சுக்குழலையே சுட்டியது. இறந்தவர் உடலில் இக்குழாய்கள் வெறுமையாய்க் கிடந்ததைக் கண்ட பண்டைக் கிரேக்க மருத்துவர் அவற்றில் காற்று ஓடுவதாகக் கருதினர். அக்கருத்தைக் கேலன் மறுத்தார். இரு பண்பாடுகளும் தனித்தனியே காற்றோடு தொடர்புடைய சொல்லைக் குருதிக்குழாய்க்கு அளித்திருப்பது சொற்பிறப்பியலாரின் கவனத்திற்குரியது. பெருங்குழாய்க்கு அரிஸ்டாட்டில் பயன்படுத்திய ‘அயோர்ட்டே’ என்னும் பெயர் தூக்குதல், தொங்குதல் என்னும் பொருளுடைய வினையோடு இணைக்கப்படுகிறது. இதயம் அதில் தொங்குவதுபோல் தோன்றியிருக்கலாம்.

சுசுருத சங்கிதையின் சரீரத்தானம் 700 சிரைகளையும் 24 தமனிகளையும் எண்ணுகிறது. இரண்டும் கொப்பூழிலிருந்தே கிளைப்பன. தமனிகளுள் 10 மேல்நோக்கியும் 10 கீழ்நோக்கியும் 4 குறுக்காகவும் செல்லும்; மேல்நோக்குவன ஒலி, ஊறு, உருவம் போன்றவற்றையும் கொண்டுசெல்லும். அங்கே தமனி என்பது இன்றைய தமனி அன்று. சிரையும் இன்றைய சிரை அன்று. வில்லியம் ஹார்வி 1628-இல் குருதியின் சுற்றோட்டத்தை நிறுவிய பின் தோன்றிய பிரிவினைக்குப் பழைய சொற்கள் பின்னாளில் பங்கிடப்பட்டன. சித்திரை நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய இதய அறுவை வல்லுநர் எம்.எஸ். வலியத்தான், தம் பிற்காலத்தில் சரகர், சுசுருதர், வாக்படர் ஆகியோரின் நூல்களை ஆங்கிலத்தில் விளக்கும் பணியை மேற்கொண்டார். சுசுருதர் பற்றிய நூல் 2007-இல் வெளிவந்தது. பெருந்தமனியைக் கையால் தொட்டுத் தைத்த ஒருவர் ‘தமனி’ என்னும் சொல்லைப் பழைய நூலில் சந்திப்பது, அகராதி பார்த்து மொழிபெயர்ப்பவர் சந்திப்பதினின்றும் வேறானது.

கட்டுதல்

பெருந்தமனியைப் பழுதுபார்க்கலாம் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டினது. அதற்கு முன் செய்யக்கூடியதாக இருந்தது கட்டுதல் ஒன்றே. குழாயின் சுவர் நைந்து புடைத்தால், புடைப்புக்கு மேலும் கீழும் நூலால் கட்டி அதனைத் திறந்து வெறுமையாக்கும் முறையைப் பண்டைய கிரேக்க மருத்துவர் அண்டில்லசு கூறினார். 1785-இல் இலண்டனில் ஜான் ஹண்டர், முழங்காலின் பின்புறத்துப் புடைப்புக்கு நோயுற்ற இடத்தைத் தொடாமல் தொடையில் குழாயைக் கட்டினார். நோய் ஓரிடத்தும் கத்தி வேறிடத்தும் அமையலாம் என்பது இங்கே தெளிவாகிறது. அணுகுவழி என்னும் கருத்தின் தொடக்கமாக இதனைக் கொள்ளலாம்.

ஹண்டரின் மாணவரான ஆஸ்ட்லி கூப்பர் 1817-இல் இலண்டன் கைசு மருத்துவமனையில் பெருந்தமனியையே கட்டினார். இடுப்புத் தமனியின் புடைப்பு வெடித்துக் குருதி இழந்துகொண்டிருந்த ஒருவருக்கு, மயக்கமருந்தோ கிருமி நீக்கமோ அறியப்படாத காலத்தில், கொப்பூழருகே வயிற்றைக் கீறி, விரலை முதுகெலும்பு வரை செலுத்தி, துடிக்கும் குழாயைத் தடவியறிந்து கட்டினார். நோயாளி ஏறத்தாழ 40 மணிநேரம் உயிரோடிருந்தார். கூப்பர் சென்றது வயிற்றறையின் ஊடாக. அக்காலத்து மருத்துவர் பலரும் அஞ்சிய வழி அது. குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உள்ளுறை திறக்கப்பட்டால் அது சீழ்பிடித்து உயிர் போகும் என்பது பட்டறிவு. இதனாலேயே ஜான் அபர்நெதி 1796-இல் வெளி இடுப்புத் தமனியைக் கட்டியபோது, உள்ளுறையைத் திறவாமல் அதனை ஒருபுறம் ஒதுக்கித் தள்ளி அதன் பின்னே சென்றார். ஊடே செல்வதா, ஒதுக்கிச் செல்வதா என்னும் இவ்விரு வழிகளும் இன்றுவரை வயிற்றுப் பெருந்தமனி அறுவையில் நிலைத்துள்ளன.

இக்கட்டும் காலத்து மருத்துவம் தமிழில் எழுதப்பட்டதென்பது பலர் மறந்துபோன செய்தி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ராபர்ட் துருவிட்டின் அறுவை மருத்துவ நூலை ‘இரணவைத்தியம்’ என 1867-இலும், கிரேயின் உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872-இலும் தம் மாணவர் துணையோடு வெளிக்கொணர்ந்தார். துருவிட்டின் நூலில் தமனிப் புடைப்பும் தமனி கட்டுதலும் விரிவான பகுதிகள். இந்நூல்களோடு 1875-இல் வந்த ‘கெமிஸ்தம்’ என்பதனையும் சேர்த்துப் பெயர்களை மட்டும் நோக்கினாலே அவர்தம் முறை புலப்படும். வழக்கிலிருந்த மருத்துவச் சொல் போதுமாயின் அது; வடமொழி ஆக்கம் தேவைப்படின் அது; இரண்டும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு. பின்வந்த சொல்லாக்கக் குழுக்கள் இம்மூன்றனுள் ஒன்றைக் கொள்கையாக்கி மற்ற இரண்டையும் விலக்க முயன்றன. திருநெல்வேலியைத் தளமாகக் கொண்டு இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் கலைச்சொல் தொகுதி வெளியிட்டது. இலங்கை அரசின் சொற்குழுக்கள் பின்னர்த் தனிவழி சென்றன. நாளம் இருபுறமும் இருபொருள் பெற்றதற்கு இவ்விரு குழுக்களும் ஒரே அறையில் அமராமையே காரணம் எனின் மிகையாகாது.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் ருடால்ஃப் மட்டாசு 1923-இல் வயிற்றுப் பெருந்தமனியைக் கட்டியபோது நோயாளி ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து காசநோயால் இறந்தார். கூப்பருக்குப் பின் நூறாண்டுக்கு மேல் கடந்து கிட்டிய வெற்றி அது. அதற்கு முன்பே 1888-இல் மட்டாசு, கையிலிருந்த ஒரு புடைப்பைத் திறந்து, உட்புறமாகவே துளைகளைத் தைத்து மூடியிருந்தார். புடைப்பை வெட்டி எறியாமல் உள்ளிருந்தே சீராக்கும் இக்கருத்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் வேறோரிடத்தில் மீண்டும் தலைகாட்டும்.

நெஞ்சு, விலா, வயிறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முப்பது ஆண்டுகளுக்குள் பெருந்தமனியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வழி திறந்தது. இதனைப் புரிந்துகொள்ள உடற்கூற்றின் எளிய உண்மை ஒன்று போதும். ஏறு பெருந்தமனியும் வளைவும் நெஞ்சின் முன்புறத்தில், மார்பெலும்புக்குப் பின்னே உள்ளன. இறங்கு பெருந்தமனி முதுகெலும்பின் இடப்பக்கத்தில் ஆழ்ந்து கிடக்கிறது. முன்னதனை அடைய மார்பெலும்பை நெடுக்காகப் பிளக்க வேண்டும். பின்னதனை அடைய நோயாளியை வலப்புறம் சாய்த்துப் படுக்கவைத்து இடப்பக்க விலாவிடையே நுழைய வேண்டும். ஒருவழியில் சென்றவர் மறுபகுதியைச் செவ்வையாகக் காண இயலாது.

விலாவழியே முதலில் வென்றது. 1944 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபூர்டு, பிறவியிலேயே குறுகியிருந்த இறங்கு பெருந்தமனியின் இடத்தை வெட்டியெடுத்து இரு முனைகளையும் தைத்தார். 1951 மார்ச் 29-இல் பாரிசில் சார்லஸ் டுபோ வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பை நீக்கி, இறந்தவர் ஒருவரின் தமனித் துண்டை அங்கே பொருத்தினார். அவர் சென்ற வழி நெஞ்சையும் வயிற்றையும் இடப்புறமாக ஒருசேரத் திறப்பது. ஆயின் உள்ளுறையைத் திறவாதது. அபர்நெதியின் பழைய அச்சம் காரணமாகப் பிறந்த வழி, அச்சம் நீங்கிய காலத்திலும் பயன்பட்டது. 1963-இல் சார்லஸ் ராப் இவ்வுள்ளுறை தவிர்க்கும் வழியை விரிவாக எடுத்துரைத்தார். முன்பே வயிற்றில் அறுவை நடந்து குடல் ஒட்டிக்கொண்டவர்க்கு அது ஏற்றது. புடைப்பு வெடித்து வந்தவர்க்கு நடுவயிற்றை நெடுகத் திறக்கும் வழியே பெரும்பாலும் விரைவானது.

இவ்வழியின் ஆங்கிலப் பெயர் மொழிபெயர்ப்பாளரைத் தவறவைப்பதில் முதன்மையானது. அதன் முன்னொட்டு ‘பின்’ எனப் பொருள்படும். அதனைப் ‘பின்புற அணுகுமுறை’ என்று பெயர்த்தால், கத்தி முதுகில் படும் என்றே நோயாளி கொள்வார். உண்மையில் தோலில் படும் வெட்டு இடப்பக்க விலாவின் கீழே அமைகிறது. ‘பின்’ என்பது உள்ளுறைக்குப் பின் என்பதே. அடைமொழி எதனைத் தழுவுகிறது என்பதை மூலமொழி மறைத்துவிடுகிறது. தமிழ் அதனை மறைக்க வேண்டியதில்லை. ‘உள்ளுறையைத் திறவாத இடப்பக்க வழி’ என்பது நீளமாயினும் பிழையற்றது. அணுகுமுறை என்னும் சொல்லும் இங்குப் பொருந்தாது. அது கருத்தையும் நடத்தையையும் சுட்டி நிலைத்துவிட்டது. ஆசிரியரின் அணுகுமுறை, அரசின் அணுகுமுறை என்பன நாளிதழ்த் தொடர்கள். அறுவையில் சுட்டப்படுவது தோலிலிருந்து உறுப்பு வரை செல்லும் தடம். ஆகவே அணுகுவழி, அல்லது வெறுமே வழி.

டென்டன் கூலியும் மைக்கேல் டிபேக்கியும் ஹூஸ்டனில் 1953-இல் இறங்கு பெருந்தமனியின் புடைப்பை வெட்டி நீக்கினர். அதே ஆண்டு மே மாதம் ஜான் கிப்பன் இதய நுரையீரல் எந்திரத்தைக் கொண்டு முதல் வெற்றி கண்டார். அதன் பின்னரே ஏறு பெருந்தமனி கைக்கு எட்டியது; 1956-இல் கூலியும் டிபேக்கியும் அதனை மாற்றினர். மார்பெலும்பைப் பிளக்கும் வழியைக் கெய்ரோவில் இருந்த ஹெர்பர்ட் மில்டன் 1897-இலேயே எடுத்துரைத்திருந்தார். அறுபது ஆண்டு கழித்து, 1957-இல், ஆர்மண்ட் ஜூலியன் அதனை மீட்டெடுத்தார். இன்று இதய அறுவை என்றதும் மக்கள் மனத்தில் தோன்றும் நடுநெஞ்சுத் தழும்பு இவ்வழியினது. குருதியை எந்திரத்தின் வழியே சுற்றிவிடுவதற்கும், அடைபட்ட இதயத் தமனியைத் தாண்டிப் புதுக்குழாய் பொருத்துவதற்கும், நகரைச் சுற்றிப் போகும் நெடுஞ்சாலைக்கும் ‘பைபாஸ்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. சாலைக்குப் புறவழி என்னும் அழகிய ஆக்கம் வேரூன்றிவிட்டது. மருத்துவத்தில் பைபாஸ் என்பதனை அகற்றும் முயற்சி வீண்.

வளைவுப் பகுதி அனைத்தினும் கடினமானது. மூளைக்குச் செல்லும் குழாய்கள் அங்கிருந்தே கிளைக்கின்றன. ராண்டல் கிரீப் 1975-இல் வெளியிட்ட கட்டுரையில், உடலை ஆழ்ந்து குளிர்வித்து, குருதியோட்டத்தையே சற்றுநேரம் நிறுத்தி வளைவை மாற்றிய முறையை விளக்கினார். இறங்கு பகுதியும் வயிற்றுப் பகுதியும் சேர்ந்து புடைத்தால், இடப்பக்க விலாவிலிருந்து வயிற்றின் முன்புறம் வரை ஒரே வெட்டாகத் திறந்து, தமிழ்நாட்டார் உதரவிதானம் என்றும் இலங்கையர் பிரிமென்றகடு என்றும் கூறும் தசைத்தகட்டையும் பிரிக்க வேண்டும். இவ்வழியை நெறிப்படுத்தியவர் ஹூஸ்டனைச் சேர்ந்த ஸ்டான்லி கிராஃபர்டு. புடைப்பை முற்றும் அகற்றாமல் அதனைத் திறந்து, உள்ளே புதுக்குழாயைத் தைத்து, பழைய சுவரை அதன்மேல் போர்த்துவது அவர்தம் முறை. மட்டாசு கையில் செய்ததன் தொடர்ச்சியை இங்கே காணலாம்.

துணியும் ஒட்டும்

இறந்தவர் தமனி எளிதில் கிடைப்பதன்று. கிடைத்ததும் நாளடைவில் சிதைந்தது. 1952-இல் ஆர்தர் வூரீஸ் செயற்கை இழைத் துணிக்குழாயை நாய்களுக்குப் பொருத்திய செய்தி வெளிவந்தது. டிபேக்கி ஹூஸ்டன் கடையொன்றில் துணி வாங்கச் சென்றபோது நைலான் இல்லாமையால் டேக்ரான் வாங்கி, வீட்டுத் தையல் எந்திரத்தில் குழாயாகத் தைத்தார் என்பது அவரே பலமுறை கூறிய வரலாறு. டேக்ரான் என்பது பாலியஸ்டரே. டெரிலின் என்னும் பெயரில் இந்தியக் கடைத்தெருக்களில் சட்டைத் துணியாக விலைபோன பொருளின் உடன்பிறப்பு அது. சாலையின் துணிக்கடைக்காரர்க்குப் பெருந்தமனி அறுவையை விளக்க இதனினும் அண்மையான எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை.

இத்துணிக்குழாய்க்குத் தமிழில் ‘ஒட்டு’ என்னும் சொல் எழுதப்படுகிறது. ஆங்கிலச் சொல்லும் தோட்டக்கலையிலிருந்து வந்ததே. ஒட்டுமா நினைவுக்கு வரும். மாவில் இரு உயிர்கள் இணைந்து ஒன்றாய் வளர்கின்றன. டுபோ பொருத்திய தமனித் துண்டுக்கு அது ஓரளவு பொருந்தும். பாலியஸ்டர் குழாய் தைக்கப்படுவது. மரம்போல் ஒட்டி வளர்வதன்று. ஒட்டு எனப் படிப்பவர் பசையால் ஒட்டுவதாகவும் கருதலாம். மாற்றுக்குழாய் என்பதே தெளிவு.

‘வீக்கம்’, ‘பிளவு’ என்பனவும் இங்குக் கருதத்தக்கன. புடைப்பை வீக்கம் என்று எழுதும் வழக்கம் உண்டு. அடிபட்ட வீக்கம், கால் வீக்கம் என்பனவெல்லாம் வற்றக்கூடியவை. ஒத்தடம் கொடுத்தால் தணிபவை. பெருந்தமனிப் புடைப்பு தானே வற்றுவதில்லை. வெடிப்பதே அதன் ஆபத்து. பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, குருதி சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிரிக்கும் நோயையும், மருத்துவர் கத்தியால் திசுக்களைப் பிரிக்கும் செயலையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழில் முன்னதைச் ‘சுவர்ப்பிளவு’ என்றும் பின்னதைப் ‘பிரித்தெடுத்தல்’ என்றும் வேறுபடுத்தலாம். மூலத்தினும் பெயர்ப்புத் தெளிவாய் அமையும் அரிய இடங்களுள் இஃது ஒன்று.

சித்திரை நிறுவனத்தின் வால்வும் இவ்வரலாற்றைச் சேர்ந்ததே. வலியத்தான் தலைமையில் முந்தைய வடிவங்கள் சோதனையில் தோற்க, நான்காம் வடிவம் நிலைத்தது. கோபால்ட் கலப்புலோகச் சட்டம், மீயுயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன் வட்டு, தைப்பதற்குப் பாலியஸ்டர் வளையம் என அமைந்த அவ்வால்வு 1990 டிசம்பர் 6-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பெருந்தமனியின் தொடக்கத்திலுள்ள வால்வை மாற்ற, மார்பெலும்பைப் பிளந்து, எந்திரத்தை இணைத்து, ஏறு பெருந்தமனியையே கீறி உள்ளே நோக்க வேண்டும். அங்கே பெருந்தமனி பழுதுபார்க்கப்படும் பொருளன்று, வாயிலாகிறது. வால்வோடு ஏறு பெருந்தமனியும் கெட்டிருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே மாற்றுக்குழாயாகப் பொருத்தும் முறையை ஹக் பெண்டாலும் ஆண்டனி டி போனோவும் 1968-இல் வெளியிட்டிருந்தனர்.

தொடையிடுக்கிலிருந்து

அதே 1990-இல், செப்டம்பர் 7 அன்று, புவெனஸ் ஐரிசில் ஹுவான் பரோடி வயிற்றுப் புடைப்பைத் திறவாமலே அடைத்தார். தொடையிடுக்கிலுள்ள தமனியைத் திறந்து, மடித்த துணிக்குழாயை உலோகச் சுருளோடு உள்ளே செலுத்தி, உரிய இடத்தில் விரியவைத்தார். உக்ரைனின் கார்கிவில் நிக்கொலாய் வொலதோஸ் 1987-இலேயே இறங்கு பெருந்தமனியில் இத்தகையது செய்திருந்தார். உருசிய மொழியில் எழுதப்பட்டமையால் உலகம் அதனைத் தாமதமாகவே அறிந்தது. மொழிபெயர்ப்பின்மை ஒரு கண்டுபிடிப்பின் முதன்மையையே மறைத்ததற்கு இது சான்று. ஹண்டர் தொடையில் கட்டினார். பரோடி தொடையிலிருந்து நுழைந்தார். இங்கு வழி என்பது உருவகமும் அன்று. குருதி ஓடும் குழாயே எதிர்த்திசையில் செல்லும் பாதையாகிறது.

ஒப்புதல்

1948-இல் நியூயார்க்கில் ருடால்ஃப் நிசன், ஐன்ஸ்டீனின் வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பைக் கண்டு, அதனைச் செல்லோபேன் தாளால் சுற்றினார். 1955 ஏப்ரலில் அது கசிந்தபோது மாற்றுக்குழாய் அறுவை சாத்தியமாகியிருந்தது. ஐன்ஸ்டீன் மறுத்தார், ஏப்ரல் 18-இல் இறந்தார். ஐம்பது ஆண்டு கழித்து, 2005 டிசம்பர் 31-இல், 97 வயதான டிபேக்கிக்குப் பெருந்தமனிச் சுவர்ப்பிளவு ஏற்பட்டது. தாம் வாழ்நாளெல்லாம் செய்த அறுவையை அவர் தமக்கு வேண்டாமென்றார். நினைவிழந்தபின் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு விவாதித்து இசைய, 2006 பிப்ரவரியில் அறுவை நடந்தது. அவர் தேறி, அறுவைக்கு இசைந்ததை ஏற்று, 2008 ஜூலை வரை வாழ்ந்தார். இருவரும் தமக்கு நேரவிருப்பது யாதென முற்றும் அறிந்து மறுத்தவர்கள்.

அவ்வறிவைச் சாலையின் மளிகைக் கடைக்காரருக்கும் தரவேண்டும் என்பது இந்தியாவில் சட்டமே. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் அளித்த தீர்ப்பு, சிகிச்சையின் தன்மை, மாற்று, ஆபத்து ஆகியவை நோயாளிக்குப் போதிய அளவில் விளக்கப்பட்ட பின் பெறும் ஒப்புதலே ஒப்புதல் என்றது. இறங்கு பெருந்தமனி அறுவையில் சொல்லியே ஆகவேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. முதுகுத் தண்டுக்குக் குருதி தரும் சிறு தமனிகள் இப்பகுதியிலிருந்தே கிளைக்கின்றன. இடுக்கியால் ஓட்டத்தை நிறுத்தும்போதோ மாற்றுக்குழாய் அக்கிளைகளை மூடும்போதோ இரு கால்களும் செயலிழக்கக்கூடும். இங்கேதான் சொற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ‘தண்டுவட நாடிகளுக்குக் குருதி குறையலாம்’ எனின் மலையாளம் பயின்றவர்க்கு நாடி நரம்பாகிறது. ‘நரம்புக்குப் பாதிப்பு நேரலாம்’ எனின் பேச்சுத் தமிழர்க்குக் கைநரம்பு போன்ற குருதிக்குழாய் நினைவுக்கு வருகிறது. குழாய்க்குத்தானே அறுவை, அது எப்படியும் பாதிக்கப்படுவதுதானே என்று அவர் கடந்துவிடலாம். இரண்டிலும் கால் என்னும் சொல்லே இல்லை.

மருத்துவப் பாடநூலுக்குத் தமனி, சிரை என்னும் இணை போதும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அது பொதுவாயிருப்பது நற்பேறு. ஒப்புதல் தாளுக்கு உடலுறுப்புகளின் வீட்டுப்பெயர்களே வேண்டும். ‘இடது விலாவுக்கு நடுவே தொடங்கி வயிறு வரை வெட்டுவோம், முதுகுப் பக்கம் இறங்கும் பெரிய இரத்தக்குழாயில் கெட்ட பகுதிக்குப் பதிலாகத் துணிக்குழாய் வைத்துத் தைப்போம், முதுகுத்தண்டுக்கு இரத்தம் குறைந்தால் அறுவைக்குப் பின் இரண்டு காலும் அசையாமல் போகலாம்’ என்று எழுதினால் சாலையிலும் நாகர்கோவிலிலும் யாழ்ப்பாணத்திலும் பொருள் ஒன்றே. அவ்வாக்கியத்தில் நாடி, நாளம், நரம்பு என்னும் மூன்று சொற்களுக்கும் இடமில்லை.